பால்குடி மறக்காத பூனைக்குட்டிக்குத் தெள்ளு பிடித்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்து இரண்டு வாரமான பூனைக்குட்டி 200 முதல் 250 கிராம் எடை இருக்கும். அதன் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தமே 12 முதல் 15 மில்லிதான். பெண் தெள்ளுப்பூச்சிகள் எழுபது சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லி ரத்தத்தைக் குடித்துவிடும். வளர்ந்த பூனைக்கு வெறும் அரிப்பைத் தரும் அதே பூச்சி, குட்டியின் உயிரைச் சில நாட்களில் வாங்கிவிடுவது இதனால்தான். "பூனை என்றால் பூச்சி இருக்கத்தான் செய்யும்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முதலில், இருப்பது தெள்ளுதானா என்று பார்த்துவிடுவோம். உண்ணி தோலில் தலையைப் புதைத்து ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளு பழுப்பு நிறம், பக்கவாட்டில் தட்டையான உடம்பு. முடிக்கு நடுவே விறுவிறுவென்று ஓடும், தாவும். பூச்சி கண்ணில் படவில்லை, வால் அடியிலும் கழுத்திலும் மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள் மட்டும் தெரிகிறது என்றால், அதில் கொஞ்சம் எடுத்து நனைத்த வெள்ளைப் பஞ்சில் வையுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். கசியாவிட்டால் வெறும் மண்.

அடுத்து குட்டியின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் வீட்டிலேயே வேலையைத் தொடங்கலாம். காகிதம் போல வெளுத்திருந்தால், குட்டி துவண்டிருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், சீப்பைக்கூட எடுக்க வேண்டாம். துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்து உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அந்தக் குட்டிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

இனி, எதைத் தொடக்கூடாது என்பது. இதில் தவறினால் குட்டியின் உயிரே போய்விடலாம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நாய்க்கு விற்கும் சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நம் தலைக்குப் போடும் பேன் மருந்துகள் சிலவற்றிலும் அதுதான். நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். முதலில் காதும் காலும் துடிக்கும், பிறகு வலிப்பு வரும். "நாய்க்குப் போடுவதில் ஒரே ஒரு சொட்டு" என்ற கணக்கு இங்கே செல்லாது. மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போகத் தண்ணீரில் கலந்து தெளிக்கும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் மருந்துகளும் குட்டிக்கு ஆகாது. டெட்டாலும் பினாயிலும் பூனை இனத்துக்கே விஷம். மண்ணெண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்கும், மூச்சில் ஏறினால் நுரையீரலைக் கெடுக்கும். படுக்கைக்கு அடியில் அந்துருண்டை போடுவதும் ஆபத்து. வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே என்பார்கள். குட்டி தன் உடம்பை நக்கும், தாயும் அதை நக்கும். பூசிய எண்ணெய் முழுவதும் இரண்டின் வயிற்றுக்குள்தான் போய்ச் சேரும். யாராவது ஏற்கெனவே நாய் மருந்தைப் போட்டுவிட்டிருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டை வெதுவெதுப்பான நீரில் கலந்து அந்த இடத்தை நன்றாகக் கழுவி, துவட்டி, மருந்தின் அட்டையோடு மருத்துவரிடம் ஓடுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? நாலு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்குச் சீப்புதான் மருந்து. கடையில் கிடைக்கும் இரும்புப்பல் பேன் சீப்பு, பல் நெருக்கமாக இருக்கும் வகை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி கலந்து பக்கத்தில் வையுங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதக்கும், மறுபடி தாவிவிடும். சோப்பு கலந்தால்தான் மூழ்கும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடியில் வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். வெள்ளையாக இருந்தால் தப்பி ஓடும் பூச்சி தெரியும். கழுத்தில் தொடங்கி, காதுக்குப் பின்னால், தாடைக்கு அடியில், அக்குள், வயிறு, தொடை இடுக்கு, கடைசியாக வால் அடி. முடி போகும் திசையிலேயே, தோலைத் தொட்டும் தொடாமலும் இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை உடனே சோப்பு நீரில் முக்குங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுத்துவிடப் பார்த்தால் குட்டி குளிர்ந்துவிடும். பிடித்த பூச்சியை நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். அதில் இருக்கும் கிருமி கீறல் வழியாக நமக்கு வரும்.

பூச்சி அப்பிக்கிடக்கிறது, சீப்புக்கு அடங்கவில்லை என்றால் மட்டும் குளிப்பாட்டலாம். அதுவும் குட்டி சூடாகவும் துடிப்பாகவும் இருந்தால்தான். நாலு வாரம் வரை பூனைக்குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காக்க முடியாது. நனைந்த குட்டி சில நிமிடங்களில் விறைக்கத் தொடங்கும். அதனால் முதலில் துண்டுகளையும், துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலையும் தயாராக வைத்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும்.

தண்ணீர் 38 டிகிரி செல்சியஸ். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. முதல் வேலை கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் போடுவது. வளையம் போடாமல் உடம்பை நனைத்தால் அத்தனை தெள்ளும் மேலே ஏறிக் கண்ணிலும் காதிலும் மூக்கிலும் அடைக்கலம் தேடும். பிறகு ஒரு கையால் மார்பைத் தாங்கி, கழுத்து வரை மட்டும் நீரில் இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் நுரையைத் தோல் வரை தேய்த்து, சோப்பு துளியும் தங்காமல் அலசுங்கள். தலையை முக்கவே கூடாது. முகத்தில் இருப்பதை ஈரப்பஞ்சாலும் சீப்பாலும் எடுங்கள். தண்ணீரில் அசையாமல் கிடக்கும் தெள்ளு செத்துவிட்டது என்று நம்பி வாசலில் கொட்டாதீர்கள், உலர்ந்தால் எழுந்துவிடும். சோப்பைக் கூட்டி நன்றாக ஊறவிட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள்.

துவட்டும்போது ஒரு துண்டு நனைந்ததும் அடுத்த துண்டு. அடிவயிறு உலர்ந்ததைக் கையால் தொட்டு உறுதிசெய்யுங்கள். உடம்பு சில்லிட்டிருக்கும்போது பால் கொடுக்காதீர்கள், செரிக்காது, புரையேறும். தாயில்லாக் குட்டிக்குப் பசும்பாலும் ஆகாது, பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவுதான். சில நாள் இடைவெளி விடாமல் மறுபடி குளிப்பாட்டவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, குட்டியைப் பழைய சாக்கிலேயே கொண்டுபோய் விடுகிறவர்கள் நிறையப் பேர். பட்ட பாடெல்லாம் அன்றைக்கே வீணாகிவிடும். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை முடியில் ஒட்டாது, உதிர்ந்து படுக்கையில் விழும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து துணி மடிப்பிலும் தரை வெடிப்பிலும் ஒளிந்துகொண்டு, தாய்த்தெள்ளின் கழிவைத் தின்று வளரும். பிறகு கூட்டுப்புழு. அது பல வாரம் சும்மா இருந்துவிட்டு, சூடும் அதிர்வும் பட்டால் வெளியே வரும். அதனால் கண்ணில் பூச்சி படாவிட்டாலும் குறைந்தது ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டைப்பெட்டியில் பழைய வேட்டித் துணி விரியுங்கள். தினமும் துணியை மாற்றி, எடுத்ததை 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போடுங்கள். பெட்டியையும் வாரம் ஒரு முறை மாற்றிவிடலாம். புதுத் துணியைத் தாயின் கன்னத்தில் இரண்டு தடவை தேய்த்துவிட்டு விரித்தால் வாசனை மாறாது. இல்லாவிட்டால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடக்கூடும். தரை இடுக்கு, சுவர் மூலை, கட்டிலடி எல்லாம் கூட்டிச் சோப்பு நீரால் துடையுங்கள். குட்டிகள் இருக்கும் அறையில் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம்.

தாய்க்கும் மருத்துவம் வேண்டும். பாலூட்டும் பூனைக்கும் போடக்கூடிய செலாமெக்டின் சொட்டு மருந்து உண்டு. எடை பார்த்து மருத்துவர் தருவதைப் பிடரியில், தாய் நக்க எட்டாத இடத்தில் போட்டு, அது உலரும் வரை குட்டிகளைத் தனியே கதகதப்பாக வைத்திருங்கள்.

குட்டிக்கான மருந்தில் வயது, எடை இரண்டையுமே பார்க்க வேண்டும். சொட்டு மருந்துகள் பெரும்பாலும் 8 வாரம் ஆன பிறகுதான். நிட்டன்பைரம் மாத்திரைக்கு 4 வாரமும் ஆகியிருக்க வேண்டும், 900 கிராமும் இருக்க வேண்டும்; நாலு வாரக் குட்டி அதில் பாதி எடைதான் இருக்கும். ஃபிப்ரோனில் தெளிப்பு மருந்தைச் சில நாடுகளில் பிறந்து 2 நாளான குட்டிக்கே அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அதில் இருக்கும் ஆல்கஹால் ஆவியாகும்போது உடம்பைக் குளிர வைத்துவிடும். அதை மருத்துவர் தன் கையால் போட்டால்தான் சரி.

சமையலறைத் தராசில் குட்டியைத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறவில்லை என்றால் ஈறை மறுபடி பாருங்கள். தெள்ளை நக்கி விழுங்கிய குட்டிக்கு நாடாப்புழு வரும். ஆசனவாயைச் சுற்றி அரிசி போல ஒட்டியிருப்பது அதன் துண்டுதான். கொக்கிப்புழுவும் ரத்தத்தைக் குடிக்கும். ஆகவே தெள்ளு அடங்கியதும் குடற்புழு மருந்துக்காக ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த எடைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தின் அளவை அவர் அதை வைத்துத்தான் கணக்கிடுவார்.

வணக்கம்.