நாடாப்புழுவை இழுக்காதீர்கள்

கால்நடை மருத்துவ மாணவர்களே, வனத்துறை நண்பர்களே, வணக்கம்.

நாடாப்புழு என்று சொல்ல யாராலும் முடியும். எந்த நாடாப்புழு என்று கேட்டால்தான் சங்கடம். மைக்ராஸ்கோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் குடலைத் திறந்த முதல் மணி நேரத்திலேயே காரியம் கெட்டுவிடுகிறது. வெள்ளையாக நீளமாக ஒன்று தெரிந்ததும் ஃபோர்செப்ஸால் பிடித்து இழுக்கிறோம். உடல் கைக்கு வரும், தலை குடல்சுவரிலேயே தங்கிவிடும். உறிஞ்சிகள் எப்படி, கொக்கி உண்டா, எத்தனை வரிசை என்ற விவரமெல்லாம் அதோடு போயிற்று.

ஆட்டுக்குடலை எடுத்துக்கொள்வோம். புழு ஒட்டிய துண்டை அப்படியே வெட்டி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஓரிரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். தசை தளர்ந்து புழு தானாகவே பிடியை விடும். விடவில்லையென்றால் அந்த இடத்துச் சவ்வோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். உயிருள்ள புழுவை நேரே ஃபார்மலினில் போட்டால் முறுக்கிக்கொள்ளும். தளர்ந்த பிறகு கண்டங்களை, அதாவது புழுவின் உடலில் சங்கிலிபோல் கோத்திருக்கும் துண்டுகளை, இரு ஸ்லைடுக்கு நடுவே லேசாக அழுத்தி, ஃபார்மலின், ஆல்கஹால், அசிட்டிக் அமிலம் சேர்ந்த கலவையை விடுங்கள். டி.என்.ஏ. சோதனைக்கென ஒரு துண்டை முதலிலேயே 95 சதவீத எத்தனாலில் தனியே வைப்பது நல்லது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? ஆட்டில் காணும் நாடாப்புழுவான மோனீசியா எக்ஸ்பான்சாவையும் மாட்டில் அதிகம் காணும் மோனீசியா பெனெடெனியையும் பிரித்துச் சொல்வது கண்டத்தின் பின்விளிம்பில் உள்ள சுரப்பிகள்தான். எக்ஸ்பான்சாவில் அவை சிறு வளையங்களாக விளிம்பு நெடுக வரிசை கட்டி நிற்கும். பெனெடெனியில் நடுவில் மட்டும் நெருக்கமாக ஒரு குட்டை வரிசை. சுருங்கிய புழுவில் ஒரு கண்டத்தின் விளிம்பு அடுத்ததன்மேல் ஏறி அந்தச் சுரப்பிகளை மூடிவிடும். பிறகு எவ்வளவு சாயம் ஏற்றினாலும் தெரியாது. அசிட்டோகார்மைன் சாயத்தில் சற்று அதிகமாகவே ஊறவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலில் 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து சாயத்தைக் குறையுங்கள். பிறகு 70, 85, 95, 100 என்று ஆல்கஹாலில் படிப்படியாக ஏற்றி, கடைசியில் திசுவைத் தெளிவாக்கும் சைலீன். சைலீனில் பால்போல் வெளுத்தால் உள்ளே தண்ணீர் மிச்சமிருக்கிறது. 100 சதவீத ஆல்கஹாலுக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.

நாய், ஓநாய், நரி விஷயம் வேறு. அங்கே முதலில் பார்க்கவேண்டியது நம் உயிர். எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற நாடாப்புழு முழு வளர்ச்சியிலும் 2 முதல் 7 மில்லிமீட்டர்தான். வழக்கமாக மூன்று நான்கு கண்டங்கள், கடைசிக் கண்டமே உடலில் பாதிக்குமேல். அதன் முட்டை நம் வாய்க்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி வளரும். ஆல்கஹால் அந்த முட்டையைக் கொல்லாது. வீட்டு ஃப்ரீசரின் குளிரும் போதாது. குடலை மைனஸ் 80 பாகை செல்சியஸில் ஒரு வாரம் வைத்த பிறகே திறக்கவேண்டும். டீனியா என்ற இன்னொரு நாடாப்புழுவின் முட்டையும் இதன் முட்டையும் பார்வைக்கு ஒன்றே: 30 முதல் 40 மைக்ரான், கோடுகள் ஓடும் தடித்த ஓடு, உள்ளே ஆறு கொக்கிகள். சாணச் சோதனையில் இது கிடைத்தால் "டீனியா வகை முட்டை" என்று மட்டும் எழுதுங்கள். இன்னது என்று அடித்துச் சொல்வது யூகம்.

டைபிலிடியம் என்ற நாடாப்புழுவை அடையாளம் காண்பது எளிது. நாயின் ஆசனவாயருகே வெள்ளரி விதைபோல் நெளிகிறதே, அது இதன் கண்டம்தான். படுக்கையில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீரில் ஊறவைத்து ஸ்லைடில் நசுக்குங்கள். உள்ளே சிறு பைகள் தெரியும், ஒவ்வொரு பைக்குள்ளும் முட்டைகள் கொத்தாக இருக்கும். கண்டத்தின் இரு விளிம்பிலும் இனப்பெருக்கத் துளை உண்டு. டீனியாவில் ஒரே துளை, அதுவும் கண்டத்துக்குக் கண்டம் பக்கம் மாறும். டைபிலிடியம் பரவுவது தெள்ளுப்பூச்சியால். தெள்ளை ஒழிக்காமல் புழுமாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடி வரும்.

எந்த இடத்தில் கிடைத்தது என்பதே பாதி அடையாளம். ஆட்டின் பித்தநாளத்தில் இருந்தால் ஸ்டிலீசியா ஹெபாடிகாவை நினையுங்கள். குதிரையில் சிறுகுடலும் பெருங்குடல்வாயும் சேருமிடத்தில் கூட்டமாக ஒட்டியிருந்து, ஒவ்வொரு உறிஞ்சிக்கும் பின்னால் சிறு மடல் தெரிந்தால் அனோப்ளோசெஃபாலா பெர்ஃபோலியேட்டா. லேபிளைப் பென்சிலில் எழுதி பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

புலி, சிறுத்தையின் எச்சத்தில் ஒரு முனையில் மூடி உள்ள முட்டை தெரிந்தால் உடனே நுரையீரல் தட்டைப்புழு என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்பைரோமெட்ரா நாடாப்புழுவின் முட்டைக்கும் மூடி உண்டு. அளவிட்டுப் பாருங்கள்: தட்டைப்புழுவின் முட்டை 80 மைக்ரானுக்கு மேல் இருக்கும், ஸ்பைரோமெட்ராவினுடையது ஏறத்தாழ 60, முனைகள் கூர். முழுப்புழு கிடைத்தால் தலையில் உறிஞ்சிகளுக்குப் பதில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் இருக்கும். துளைகளும் விளிம்பில் இல்லாமல் கண்டத்தின் நடுவில் இருக்கும்.