போட்ட யூரியா போன இடம்

(திருவாரூர் மாவட்டத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றில், சம்பா நடவு முடிந்த சமயம் நடந்த உழவர் கூட்டத்தில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேளாண் உதவி இயக்குநர் அவர்களே, கூட்டுறவுச் சங்கச் செயலாளர் அவர்களே, பள்ளி வளாகத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பொறியாளர் அய்யா அவர்களே, கூட்டம் முடியும்வரை இருப்பதாக அய்யா வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குத் தனியே ஒரு வணக்கம். நட்ட கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, உழவர் பெருமக்களே! சால்வை போர்த்திய தம்பிகளுக்கும் நன்றி. சால்வை வேண்டாம், ஒரு துண்டு கொடுங்கள், வயலுக்காவது ஆகும் என்று மேடைக்கு மேடை சொல்கிறேன். சால்வைதான் வருகிறது.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். போட்ட யூரியா எங்கே போகிறது என்பது ஒன்று. போகாமல் தடுப்பது எப்படி என்பது இரண்டு. 266 ரூபாய்க்குக் கிடைக்கிற மூட்டைக்குப் பின்னால் இருக்கிற மானியக் கணக்கு மூன்று.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் பெரியவர்கள். நம் ஊர் அதைப் பாதிதான் காதில் வாங்கியது. ஆற்றிலே போடுகிறோம், அளப்பது மட்டும் இல்லை.

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம், சுமார் 21 கிலோ. நெல் வயலில் அதில் பயிர் எடுப்பது பொதுவாக நூற்றுக்கு 30, 40 பங்குதான். மீதி? மண்ணில் யூரியேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது சில நாட்களிலேயே யூரியாவை உடைத்து அம்மோனியமாக்கிவிடும். அந்த நேரம் வயலில் தண்ணீர் தேங்கி, பாசி படர்ந்திருந்தால் வந்தது வினை. உச்சி வெயிலில் பாசி தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை இழுக்கும், தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடும்.

இன்னொரு வழி சேற்றுக்குள்ளே. வயலில் காலை விட்டுப் பாருங்கள்: மேலே மெல்லிய பழுப்பு ஏடு, கீழே சாம்பல் நிறச் சேறு. மேல் ஏட்டில் காற்று உண்டு. அங்குள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட் கீழே இறங்கினால் அங்கே காற்று இல்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விடும். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்பது ஐ.நா. காலநிலைக் குழுவின் கணக்கு. வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நனைத்தால் இந்த நட்டம் இன்னும் கூடும். மணற்பாங்கான நிலமென்றால் நைட்ரேட் நேரே நிலத்தடி நீருக்கு, அங்கிருந்து குடத்துக்கு.

வேம்பு பூசிய யூரியாதானே என்பீர்கள். 2015 முதல் உள்நாட்டு ஆலைகளில் எல்லாம் வேம்பு பூசியே வருகிறது, நல்ல காரியம். ஆனால் வேம்பு நைட்ரேட்டாக மாறுவதைத்தான் தாமதப்படுத்தும். அம்மோனியா பறப்பதையோ, வரப்பு உடைந்து ஓடுவதையோ அது தடுக்காது.

ஓடுவது என்றதும் என் மச்சான் கதையைச் சொல்லாமல் போக முடியாது. மச்சானுக்கும் பக்கத்து வயல் பங்காளிக்கும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம். கல்யாணப் பந்தியில்கூட எதிரெதிர் வரிசையில் உட்கார மாட்டார்கள். ஒரு சம்பாவில் நல்ல மழை. முழங்கால் தண்ணீரில் நின்று மச்சான் யூரியா வீசினார். பயிர் பச்சை ஏறவில்லை. இன்னொரு மூட்டை வீசினார். ஊஹூம். பங்காளி வயலோ கருகருவென்று கிளம்பிவிட்டது! மச்சானுக்குத் தூக்கம் போயிற்று. “மாப்ளே, அந்தப் பய வெளியூர்லேர்ந்து ஏதோ மருந்து வாங்கியாந்து அடிக்கிறான். என்னன்னு விசாரிச்சுட்டு வா.” போய்க் கேட்டேன். பங்காளி சத்தியம் செய்கிறார்: “அடியுரத்துக்கு அப்புறம் ஒரு பிடி போடலீங்க. கையில காசு இல்ல.” வரப்போரம் நடந்து பார்த்தேன். இருவருக்கும் நடுவரப்பில் நண்டு வளை ஒன்றல்ல, வரிசையாக. மச்சான் வயல் மேடு, பங்காளி வயல் பள்ளம். மச்சான் தன் காசில் பங்காளிக்கு மேலுரம் போட்டுக்கொண்டிருந்தார்!

வந்து சொன்னேன். மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார் பாருங்கள்: “காசைத் திருப்பிக் கேட்டா குடுப்பானா?” (சிரிப்பு) கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. அளவு மிஞ்சிய பச்சையைத் தேடி இலைச்சுருட்டுப் புழு வந்தது, பிறகு புகையான் பூச்சி வந்தது, மிச்சப் பயிர் கதிர் முற்றும் முன்பே சாய்ந்தது. இரண்டு பேருக்கும் கண்டுமுதல் இல்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று மச்சானிடம் சொன்னேன், பங்காளி வயலைக் காட்டி “இது ஆறு இல்லையே” என்றார்.

இதற்கு வழி நம் அதிகாரிகள் சொல்வதுதான். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, நிறம் குறைந்தால் மட்டும் போடுங்கள். பிரித்துப் போடுங்கள். சம்பாவுக்கு முன் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். முக்கியமானது: மேலுரத்துக்கு முன் தண்ணீரை வடித்து, ஈரச் சேற்றில் யூரியாவைப் போட்டு, பிறகு தண்ணீர் கட்டுங்கள்.

வடித்துவிட்டு! எங்கே வடிப்பது? பொறியாளர் அய்யா, இந்த இடத்தில் உங்களைத்தான் பார்க்கிறேன். பாசன வாய்க்கால் தூர்வாரினால் போதுமா? தண்ணீர் வந்துவிட்டது, சரி. போகிற வழி? நம் வடிகாலில் ஆகாயத்தாமரை மேல் கொக்கு நடக்கிறது, கரை நெடுக நெய்வேலிக் காட்டாமணக்கு. அந்த ஆகாயத்தாமரைக்கு யார் உரம் போட்டது? நாம்தான். வயலில் இருந்து ஓடிய தழைச்சத்து அங்கே போய்த் தாமரையை வளர்க்கிறது, தாமரை வடிகாலை அடைக்கிறது, அடைத்த வடிகாலால் வயல் வடியவில்லை, வடியாத வயலில் போட்ட யூரியா மறுபடி ஓடுகிறது. இலை வண்ண அட்டையை ஆளுக்கொன்று கொடுத்தாலும் இந்த வட்டம் அறுபடாது. வடிகால் இல்லாத ஊரில் உர ஆலோசனை சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆகவே மூன்றாவதாகச் சொன்ன மானியக் கணக்கைப் பற்றிப் பேசுவதைவிட வடிகாலைப் பற்றிப் பேசுவதே இன்று அவசரம். எங்கள் சங்கத்தின் மனு தயார். ஐப்பசி மழை வலுக்கும் முன் ஆகாயத்தாமரையை அள்ள வேண்டும். அள்ளியதைக் கரையிலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப விழும், அதனால் மக்க வைத்து வயலுக்கே கொடுக்க வேண்டும், நம் தழைச்சத்து நமக்கு. மதகுப் பலகையையும் மாற்ற வேண்டும். பந்தல் வாசல் மேசையில் தாள் இருக்கிறது. பட்டாதாரர் மட்டுமல்ல, குத்தகைக்காரரும் கூலிக்கு நடுகிற பெண்களும் கையெழுத்துப் போடலாம். மச்சானும் பங்காளியும் ஒரே தாளில் போட்டுவிட்டார்கள், அடுத்தடுத்த வரியில் அல்ல.