வஞ்சிரத்தின் நடு முள்ளைத் தூக்கிப் போடாதீர்கள்!

வணக்கம் மக்களே! கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், நன்றாகப் பாருங்கள். காலையில் கடலூர் துறைமுகத்தில் வாங்கிய வஞ்சிரம். வெந்த துண்டின் நடுவிலிருந்து எடுத்துக் கழுவிய முள் இது. இந்தப் பக்கம் ஒரு குழி. திருப்பினால் அந்தப் பக்கமும் ஒரு குழி. சுண்டுவிரல் நுனி அழகாக உட்காருகிறது. இதேபோல இரண்டு பக்கமும் குழிந்த எலும்புகள், பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்துப் பாறைகளிலும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை மீனுடையவை அல்ல. இக்தியோசாருடையவை!

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இக்தியோசார் என்பது தரையில் வாழ்ந்த ஊர்வனவற்றின் வழியில் வந்து, கடலுக்கே திரும்பிப் போன விலங்கு. டைனோசர் அல்ல. செவுளும் கிடையாது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோனது. திருச்சி வட்டாரத்தில் கிடைத்த முதுகெலும்புகளுக்கு 1879இல் லைடெக்கர் என்பவர் வைத்த பெயர் இக்தியோசாரஸ் இண்டிகஸ்.

பெரும்பாலும் இந்தக் குழிந்த எலும்பு வட்டுகளே தனியாகக் கிடைப்பது ஏன்? நம் முதுகெலும்பில் தண்டுவடத்தை மூடும் வளைவு, வட்டோடு ஒட்டி வளர்ந்துவிடும். இக்தியோசாருக்கு ஒட்டவே ஒட்டாது. செத்ததும் வளைவு கழன்றுவிடும். மிஞ்சுவது கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி ஒரு வட்டு.

சரி, இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். வால்! தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளில் வால் நுனிக்குச் சற்று முன்பாக ஒரு மடிப்பு. ஒன்றில் இருந்தால் உடைந்தது என்று விட்டுவிடலாம். ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் இருந்தால்? 1838இல் ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர் இதைக் கவனித்து, அங்கே ஒரு துடுப்பு இருந்திருக்கும் என்றார். சதை இல்லை, தோல் இல்லை, வெறும் எலும்பு மடிந்திருப்பதை வைத்தே சொன்னார்! 1890களில் ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில் தோலின் வடிவம் பதிந்த புதைபடிவங்கள் வந்தன. பிறை வடிவத்தில் வால், முதுகில் ஒரு துடுப்பு. அந்த மனிதர் சரியாகத்தான் ஊகித்திருக்கிறார்.

இன்னொன்று கேளுங்கள். சுறாவின் முதுகுத்தண்டு வாலின் மேல் மடலுக்குள் ஏறும். இக்தியோசாருக்கு நேர்மாறு, கீழ் மடலுக்குள் இறங்கும். மேல் மடலில் எலும்பே கிடையாது.

இக்தியோசாரின் முன் துடுப்புக்குள்ளே பார்த்தால் நம் கை மாதிரியே மேற்கையில் ஒரு எலும்பு, அடுத்து இரண்டு, அப்புறம் சோளமுத்து அடுக்கியது போல விரல் எலும்புகள். நமக்கு ஒரு விரலில் மூன்று. சில இக்தியோசார்களுக்கு 20க்கும் மேல்!

ஞாயிற்றுக்கிழமை புட்டுக்குச் சுறா வாங்கப் போனால், வெட்டுவதற்கு முன் வாலைத் தடவிப் பாருங்கள். தண்டு மேலே ஏறுகிறதா? கமெண்டில் எழுதுங்கள், படமும் அனுப்புங்கள்.