ஒரு சேர் துவரம்பருப்பு

(டெல்லியில் தமிழ் வாசகர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பழைய சமையல் புத்தகங்கள், இல்லற போதனைப் புத்தகங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். "வெந்நீர் வைக்கத் தெரியாதவரை எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். நான் சமைக்கிறவன் இல்லை, பழைய புத்தகம் பொறுக்குகிறவன். தரியாகஞ்ச் நடைபாதைப் பழைய புத்தகச் சந்தையில் தொற்றிய வியாதி. 2019-ல் சந்தை மகிளா ஹாட்டுக்குப் போன பிறகும் தீரவில்லை.

ஆனால் கையில் இருக்கும் இந்தப் பிரதி அங்கே வாங்கியதல்ல. அம்மாவுடையது. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', 1951-ல் முதலில் வந்தது. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் சீரோடு சீராக இதையும் கொடுத்தனுப்புவார்கள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கரோல்பாக் வந்தது அப்படித்தான்.

வந்த புதிதில் கடையில் ஒரு சேர் துவரம்பருப்பு கேட்டிருக்கிறாள். மதராஸ் சேர் எட்டுப் பலம். சுமார் 280 கிராம். இங்கத்துச் சேரோ 80 தோலா, 933 கிராம்! கொண்டுபோன பை கொள்ளவில்லையாம். அந்த மாதம் முழுக்கச் சாம்பார்தான். ஊருக்கு ஊர் மாறும் சேரை ஒழித்துக் கிலோவைக் கொண்டுவந்த எடைச் சட்டம் 1956-ல் வந்தாலும், கிலோ கடைக்கு வந்துசேரச் சில வருஷம் ஆயிற்று.

இதோ, பருப்பு வேகவைக்கிற பக்கம். மஞ்சள் விரல் தடம் தெரிகிறதா? ஓரத்தில் பென்சிலில்: "இங்கத்துத் தண்ணிக்கு வேகாது. கூட அரைமணி." உப்புத் தண்ணீரில் துவரை லேசில் குழையாது. இரண்டு பக்கம் தள்ளி: "இவருக்குப் புளி பாதி போதும்." அச்சடித்ததைவிட இந்தப் பென்சில் எழுத்தைத்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன்.

எல்லாப் பழைய புத்தகத்தையும் கொஞ்ச முடியாது. ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் மேம்சாகிப்களுக்காக, அதாவது இங்கே குடித்தனம் நடத்திய வெள்ளைக்கார எஜமானிகளுக்காக, 1888-ல் எழுதிய புத்தகம் இருக்கிறதே, சாமான் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வேலைக்காரர்களைப் பற்றிப் பேசும்போது, வயதான குழந்தைகள் என்கிற தோரணை. வயிறு எரியும்.

நம்மவர்களும் சளைத்தவர்களா? அம்மாவின் பெட்டியில் இன்னொரு புத்தகமும் இருந்தது, அட்டை போய்விட்டது. கணவன் ஆபீஸிலிருந்து வரும்போது எந்த முகத்தோடு கதவைத் திறக்க வேண்டும் என்று அதில் ஓர் அத்தியாயமே உண்டு. புரட்டிப் பார்த்தேன். ஒரு மஞ்சள் கறை இல்லை. பாதிக்கு மேல் தாள்கள், அச்சகத்தில் மடித்தபடியே, பிரிக்கப்படாமல் இருக்கின்றன.