ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கிட்டு இழுத்தடிச்சவர்: 900 வருஷத்துக்கு முந்தின வியாபாரக் கடிதம்

[திரையில்: தாண்டிக்குடி, கீழ்ப்பழனி மலை. சில்வர் ஓக் நிழலில் ஏலத்தோட்டம்.]

வணக்கம் மக்களே! ஏலக்காய்க்கு முன்பணம் வாங்கினார் ஒருத்தர். காய் வரல, பணமும் வரல. கொடுத்தவங்க கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. "அவரை மிரட்டிப் பாரேன்"னு அங்கேயிருந்து கூட்டாளிக்கு ஒரு கடிதம் வருது. எழுதி கிட்டத்தட்ட 900 வருஷம் ஆச்சு. நம்ம வத்தலக்குண்டு மண்டியில படிச்சுக் காட்டினா, போன சீசன்ல நடந்ததுன்னுதான் நினைப்பாங்க.

கடிதம் வந்த அந்தக் கூட்டாளி யாருன்னு வேகமா சொல்லிடறேன். ஆபிரகாம் பென் யிஜு, துனிசியாவுல மஹ்தியாங்கிற துறைமுகத்துக்காரர், யூத வியாபாரி. 1132-லயே மங்களூர்ல இருந்திருக்கார். மிளகு, இஞ்சி, ஏலம், இரும்பு எல்லாம் ஏமன் நாட்டுத் துறைமுகமான ஏடனுக்கு அனுப்புவார். மங்களூர்ல அவருக்கு ஒரு வெண்கலப் பட்டறையும் இருந்தது. ஏடன்ல இருந்து செம்பு, ஈயம், உடைஞ்ச பாத்திரம் வரும். புதுப் பாத்திரமா திரும்பிப் போகும்.

இந்தக் கடிதங்கள் கிடைச்சது பழைய கெய்ரோவுல, பென் எஸ்ராங்கிற யூதத் தொழுகைக்கூடத்துல. கடவுள் பேர் இருக்கிற தாளை அழிக்கக்கூடாதுன்னு, எழுதின தாளையெல்லாம் ஒரு அறையில போட்டுக்கிட்டே வந்திருக்காங்க. 1896, 97-ல சாலமன் ஷெக்டர்ங்கிற அறிஞர் பெரும்பகுதியை கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே மட்டும் 1,90,000-க்கு மேல துண்டுகள் இருக்கு. அதுல இந்திய வியாபாரம் பத்தினதைத் தேடி ஒண்ணுசேர்த்தவர் கோய்ட்டைன்ங்கிற வரலாற்று அறிஞர்.

கடிதங்கள் மிஞ்சினதுக்கு பென் யிஜுவும் ஒரு வகையில உதவி பண்ணியிருக்கார். அப்போ இந்தக் கரையில தாள் கிடைக்காது. ஏடன் நண்பர்கள்தான் சர்க்கரை, உலர்ந்த திராட்சையோட தாளையும் பரிசா அனுப்புவாங்க. அதனால வந்த கடிதத்தோட பின்பக்கத்துலயே கணக்கு, குறிப்பு, கவிதைன்னு எழுதி வெச்சுக்கிட்டார். அந்தக் கடிதங்களையும் தூக்கிப் போடல.

இனி சங்கதிக்கு வர்றேன். கெட்ட காலம்னா இவங்களுக்கு எப்படி வரும்? ஒரு கடிதம் சொல்லுது: கொல்லம் போய்வர்ற கப்பல் ஒண்ணு, காத்து தள்ளிக்கிட்டுப் போய் செங்கடல் வாசல்ல இருக்கிற பாப் எல் மண்டப் நீரிணையில மூழ்கிடுச்சு. மிளகு அத்தனையும் போச்சு. இரும்பு மட்டும் அடியில கிடக்கு. ஏடன்ல இருந்து மூழ்கத் தெரிஞ்ச மாலுமிகளைக் கூட்டிட்டுப் போய், பாதி இரும்பை மேல எடுத்திருக்காங்க. எடுத்ததைத் தரம் பிரிச்சு, இரும்பு ஏத்தினவங்களுக்கு வழக்கப்படி விகிதம் போட்டுப் பங்கு தருவோம்னு எழுதறாங்க. யோசிச்சுப் பாருங்க, மங்களூர்ல இருக்கிறவருக்கு அந்தக் கப்பலைப் பார்க்க வழியே இல்ல. "எல்லாம் போச்சுப்பா"ன்னு ஒரே வரியில முடிச்சிருந்தா யாரு கேட்கப்போறா? எது போச்சு, எது மிஞ்சுச்சுன்னு பொருள்வாரியா எழுதியிருக்காங்களே, எனக்கு அந்த ஏடன்காரர் மேல பெரிய மரியாதை வருது.

[திரையில்: ஏலச்செடியின் அடிப்பகுதி, மிக அருகில்.]

இப்போ நம்ம ஏலக்காய்க்காரர். இங்கே பாருங்க, இந்தச் சரத்துல பூ இருக்கு, பிஞ்சு இருக்கு, முத்தின காயும் இருக்கு. மூணும் ஒரே சரத்துல! எல்லாம் சேர்ந்து முத்தாது. மாசம், ஒண்ணரை மாசத்துக்கு ஒருக்கா ஆள் விட்டு, குனிஞ்சு, முத்தினதை மட்டும் பார்த்துப் பறிக்கணும். நாலஞ்சு கிலோ பச்சைக்காயை ஸ்டோர்ல, அதாவது காய் உலர்த்துற கூடத்துல போட்டுக் காய வெச்சாதான் ஒரு கிலோ நிக்கும். காய் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கூலி கொடுத்தாகணும். முன்பணம் இல்லாம ஏல வியாபாரம் ஏன் நடக்காதுன்னு இந்தச் சரமே சொல்லிடும்.

அந்தக் காலத்துல பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுல விளைஞ்சதைச் சேகரிச்சுதான் கரைக்கு இறக்கினாங்க. ஏடன்ல இருக்கிறவருக்குக் காடு தெரியாது, காட்டு ஆளும் தெரியாது. அப்போ நடுவுல ஒரு உள்ளூர்க்காரரை நம்பித்தான் ஆகணும். கடிதங்கள் அவரை 'கார்தார்'னு சொல்லுது. ஏடன்காரங்க பணத்துக்கு ஏலம் தர்றேன்னு ஒத்துக்கிட்டார், தரல. பென் யிஜு மாட்டிக்கிட்டார். இந்தப் பக்கம் முகம் முறிச்சுக்க முடியாது. உள்ளூர்ல தொழில் பண்ணணும். அந்தப் பக்கம் பணம் போட்டவங்க விட மாட்டேங்கறாங்க. நயமா கேட்டுப் பார்த்தேன்னு எழுதறார்.

அதுக்கு யோசேப்பு பென் ஆபிரகாம்ங்கிற வியாபாரி ஏடன்ல இருந்து எழுதின பதிலோட சாரம் இது: 'வாங்கின கடனைத் தராதவங்களை ஏடன்ல நாங்க பகிரங்கமா கண்டனம் பண்ணுவோம்னு சொல்லி மிரட்டிப் பாருங்க. பயந்துடுவார். அப்படியும் தரலைன்னா, கண்டனக் கடிதமே எழுதி அனுப்பிடறோம், செஞ்ச குத்தம் அவருக்குப் புரியட்டும்.'

கடல் தாண்டி உட்கார்ந்துக்கிட்டு மங்களூர்க்காரரைக் கண்டனம் பண்ணா அவருக்கு என்னன்னு தோணும். நான் அப்படி நினைக்கல. மலைச்சரக்கை வாங்க வர்ற கப்பல்கள்ல பல ஏடன்ல இருந்துதான் வருது. அங்கே பேர் கெட்டா அடுத்த வருஷம் யார் முன்பணம் கொடுப்பா? கோர்ட்டு, போலீஸ், பேங்க் எதுவுமே எட்டாத தூரத்துல அவங்க கையில இருந்த ஆயுதம் அது ஒண்ணுதான். அதையும் எடுத்தவுடனே வீசல. முதல்ல நயமா கேட்டாங்க, அப்புறம் மிரட்டல், கடிதம் அதுக்கும் அப்புறம்தான். காத்து திரும்பினாத்தான் கப்பல், கப்பல் வந்தாத்தான் பதில். ஒரு ஏச்சுக்கு மறு ஏச்சு வர்றதுக்குள்ள ஒரு பருவமே போயிடும். அதுக்கு நடுவுலயும் சரக்கு போய்க்கிட்டேதான் இருந்தது.

1135-ல பாரசீக வளைகுடாவுல இருக்கிற கீஷ் தீவு ஆட்சியாளரோட 15 கப்பல், 700 பேர் ஏடனை மறிச்சு நின்னதும் இந்தக் கடிதங்கள்ல வருது. அதைத் தனி வீடியோவா போடறேன்.

ஒண்ணு மட்டும் இன்னிக்கே சொல்லணும். 1148-ல சிசிலி அரசர் இரண்டாம் ரோஜர் மஹ்தியாவைப் பிடிச்சுட்டார். அண்ணன் தம்பிகளுக்கு ஒரு ரொட்டிதான் மிச்சம்ங்கிற அளவுக்குச் சேதி காதுக்கு வருது. 1149-ல பென் யிஜு ஏடனுக்குத் திரும்பினதும் அவங்களுக்கு எழுதறார்: நானும் பிள்ளைகளும் பொருளோட நல்லபடியா வந்துட்டோம், நம்ம எல்லாருக்கும் போதுமானது என்கிட்ட இருக்கு, கிளம்பி வந்துடுங்க. ஏலக்காய் பாக்கிக்கு அத்தனை ஏச்சு வாங்கின மனுஷன் எழுதினது இது. எனக்கு இதைப் படிச்சப்போ கண் கலங்கிடுச்சு.

மலையில இருக்கிற நம்ம ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பு, ரங்கூன், பினாங்குன்னு தாத்தா காலத்துல போய்வந்த கடிதமோ பேரேடோ பரண்ல இருந்தா, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க. லேமினேஷனும் வேண்டாம், சூட்டுல தாள் கெட்டுப்போயிடும். ஈரம் படாத இடத்துல விரிச்சு வெச்சு, தேதியும் ஊர்ப் பேரும் தெரியிற மாதிரி போன்ல படம் எடுத்து அனுப்புங்க. ரெண்டு பக்கமும் எடுங்க, கணக்கு பின்பக்கம்தான் இருக்கும்.