பளபளக்கும் புத்தகமும் பிய்ந்த புத்தகமும்

[காட்சி: கோத்தகிரி. தேயிலைச் சரிவில் மூடுபனி. சின்ன வாசகசாலை, மர அலமாரி.]

குரல்: இந்த இரண்டு புத்தகங்களையும் பாருங்கள். ஒன்றின் அட்டை இன்னும் பளபளக்கிறது. இன்னொன்று முதுகு பிய்ந்து செலோடேப்பில் உயிர் வாழ்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு பெரியவர்கள் நான்கு பேர் கூடி, ‘இந்த வருடத்தின் சிறந்த சிறுவர் நூல்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நானும் அதில் ஒருத்தி. எந்தப் புத்தகத்துக்குக் கொடுத்தோம் தெரியுமா? பளபளக்கிற புத்தகத்துக்கு! கடைசிப் பக்கத்தில் அழகான நீதி ஒன்று இருந்தது, மயங்கிவிட்டோம். அதற்குப் பிறகு அதை வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான்.

[காட்சி: பதக்கத்தின் கோட்டோவியம்.]

குரல்: அமெரிக்க நூலகர்கள் 1922 முதல் சிறுவர் நூலுக்குக் கொடுத்துவரும் நியூபெரி பதக்கத்தின் விதிகளில் ஒன்றை அப்புறம்தான் படித்தேன். இந்தப் பரிசு நீதி போதனைக்காக அல்ல, பிரபலத்துக்காகவும் அல்ல என்கிறது அது. நீதிக்குக் கொடுத்தது தப்பு. சரி, அப்படியென்றால் பிய்ந்த புத்தகத்துக்கே கொடுத்துவிடலாமா? அதுவும் இல்லை. ஏன் பிய்ந்தது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் எதுவுமே ஒரு மழைக்காலம் தாண்டாது!

[காட்சி: தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள். ஒருவர் சத்தமாக வாசிக்கிறார்.]

குரல்: அதனால் இப்போது தேர்வுக்கு வரும் புத்தகங்களைப் பிள்ளைகள் முன்னால் வாய்விட்டு வாசித்துப் பார்க்கிறோம். இங்கே பல பிள்ளைகள் வீட்டில் பேசுவது படுகு, சிலர் இருளம்; இரண்டும் எங்கள் மலையின் மொழிகள். வாக்கியம் முறுக்கிக்கொண்டு போனால் மூன்றாவது வரியிலேயே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அது எந்தப் பக்கத்தில் நடந்தது என்று பென்சிலால் குறித்துக்கொள்வேன். விமர்சனத்துக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடையாது. ‘அருமையான நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்’ என்று எழுதுகிறார்களே, அதில் புத்தகம் எங்கே இருக்கிறது?

ஒரு நாள் பேசும் யானை கதை ஒன்றை வாசித்தோம். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

“அக்கா, பக்கத்திலேயே பலாப்பழம் இருக்கு. யானை ஏன் சும்மா நின்னு பேசிட்டு இருக்கு?”

யானை பேசுவதை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள். பலாவைத் தொடாமல் நிற்பதைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. கற்பனைக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது, அது உடைந்த இடத்தைப் பிள்ளைகள் உடனே பிடித்துவிடுகிறார்கள். நாங்கள் நான்கு பேரும் அந்தப் பக்கத்தைச் சந்தேகமே இல்லாமல் தாண்டியிருப்போம்.

படங்களிலும் இதே கதைதான். மலை என்றாலே உச்சியில் வெள்ளையாகப் பனி வரைந்துவிடுகிறார்கள். எங்கள் மலையில் டிசம்பர், ஜனவரி காலையில் புல்மேல் உறைபனி படியும், வெயில் ஏறினால் காணாமல் போகும். அதை வரைந்த புத்தகம் ஒன்று வந்தால் படத்துக்கே தனிப் பரிசு கொடுக்கலாம். ஓவியருக்கென்று அமெரிக்காவில் 1938 முதல் கால்டெகாட் பதக்கம் இருக்கிறது.

[காட்சி: தாமிரப் பட்டயம்.]

குரல்: நம் நாட்டில் சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குப் பால சாகித்திய புரஸ்கார் என்ற விருது வழங்குகிறது. 24 மொழிகள், தாமிரப் பட்டயம், 50,000 ரூபாய். தமிழ் உண்டு. படுகும் இருளமும் அந்த 24இல் இல்லை. பாட்டி சொல்லும் படுகுக் கதையை யாராவது புத்தகமாக்கினால், அதை எங்கே அனுப்புவது என்று இங்கே ஒரு பையன் கேட்டான். நம் அலமாரிக்கு அனுப்பு என்றேன்.

[காட்சி: மேஜைமேல் ஊசி, நூல், பிய்ந்த புத்தகம்.]

குரல்: இந்த வருடத் தேர்வு இன்னும் முடியவில்லை. பிய்ந்த புத்தகமும் போட்டியில் இருக்கிறது, முதலில் தையல் போட வேண்டும். யானைக் கதையை அந்தச் சிறுமியே பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறாள்.

“படம் நல்லாருக்குக்கா” என்றாள்.