பறி, பேஜார், மொக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

'இதென்ன பேச்சு, ஒழுங்கா பேசு' என்று பிள்ளைகளை அதட்டாத வீடு இருக்காது. இடம் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சு ஏன் பிறக்கிறது என்று நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை. சேர்ந்து உழைக்கிறவர்களும் சேர்ந்து பொழுது போக்குகிறவர்களும் 'இவன் நம்ம ஆள்' என்று காட்டிக்கொள்ளத்தான் தனிச்சொற்களைப் படைக்கிறார்கள் என்பது என் எண்ணம். மற்றக் காரணங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் இலக்கணக்காரர்கள் இதை என்றோ கவனித்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதைக் குழூஉக்குறி என்கிறது. பிழை என்று தள்ளாமல், தகுதி வழக்கு என்ற வகையில் மரியாதையாகச் சேர்த்திருக்கிறது. அதற்கு உரையில் வரும் உதாரணங்களைப் பாருங்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வேடர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். உள்ளே போனதும் மனதில் கிடப்பதையெல்லாம் சொல்ல வைக்கிறது அல்லவா, அதனால் சொல்விளம்பி! முதன்முதலில் இதைச் சொன்னவர் யாரென்று தெரியாது. ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள் என்று நிச்சயமாக நம்புகிறேன்.

பொற்கொல்லரின் 'பறி'க்குப் பிழைப்பு சார்ந்த காரணமும் இருந்திருக்கும். வாடிக்கையாளர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் தொழில் அது. மாட்டுச் சந்தையில் இன்றும் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. பேரம் படியாமல் போனாலும், கேட்ட விலை இன்னதென்று அடுத்து வருகிறவருக்குத் தெரிந்துவிடாது. இது வாய் திறக்காமலே பேசுகிற குழூஉக்குறி. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு 'க' சேர்த்து, 'நீ வா' என்பதைக் 'கநீ கவா' என்று வேகமாகச் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் திணறுவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு அத்தனை சந்தோஷம்.

அப்புறம் சென்னைப் பேச்சுக்கு வருவோம். அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. துறைமுக நகரத்தில் மூட்டை தூக்கியவர்களும் வண்டி இழுத்தவர்களும் பல மொழிக்காரர்களோடு அன்றாடம் பழகிச் சேர்த்த செல்வம் அது. 'பேஜாரா கீது', 'நாஸ்தா துன்னியா' என்பதில் வரும் பேஜாரும் நாஸ்தாவும் உருது வழியே வந்தவை. 'டப்பு' தெலுங்குக்காரர்கள் கொடுத்தது. 'துட்டு' டச்சுக்காரர்களின் சிறு நாணயத்தின் பெயர். 1600களில் அவர்கள் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்தார்கள். ஆட்கள் போய்விட்டார்கள், துட்டு நம்மிடம் தங்கிவிட்டது. தெருச்சண்டையில் காதில் விழும் 'கஸ்மாலம்' கூட சமஸ்கிருதச் சொல்தான். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில், தளர்ந்துபோன அர்ஜுனனைக் கண்ணன் கேட்கும் கேள்வியில் அது வருகிறது. இவ்வளவு பேரின் வரலாற்றைச் சுமக்கிற பேச்சைக் கேலி செய்ய எப்படி மனம் வருகிறது?

இளைஞர்களின் சொற்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் மாறுகின்றன என்று பலர் கேட்கிறார்கள். சலிப்பூட்டும் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 'அறுக்கிறான்' என்றார்கள். அதிலிருந்து 'அறுவை' வந்தது. பிறகு 'பிளேடு' போட்டார்கள். அதுவும் போதாமல் 'ரம்பம்' வந்தது. இப்போது 'மொக்கை'. மொக்கை என்றால் முனை மழுங்கியது. கூரான கத்தி சட்டென்று அறுத்துவிடும். மழுங்கிய கத்தியில் மாட்டிக்கொண்டவர் பாடுதான் திண்டாட்டம். இப்படி ஒரே உவமையைத் தலைமுறைக்குத் தலைமுறை தீட்டிக்கொண்டு போகிறார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரு சொல்லைப் பேச ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகளுக்கு அது ருசிப்பதில்லை. தங்களுக்கென்று புதிதாக ஒன்று வேண்டியிருக்கிறது.

எல்லாக் குழூஉக்குறியையும் நான் கொண்டாடவில்லை. 'மாமூல்' என்றால் வழக்கமானது என்றுதான் பொருள். லஞ்சத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியதும், வாங்குகிற கைக்கும் கூச்சம் போய்விட்டது, கொடுக்கிற கைக்கும் போய்விட்டது. பெண்களைப் பொருளாகக் குறிக்கும் சொற்களும், சாதியைக் குத்திக்காட்டும் சொற்களும் நண்பர் கூட்டத்தில் சிரிப்போடு சிரிப்பாகப் புழங்குகின்றன. அந்தச் சிரிப்பில் சேராமல் ஒருவர் மௌனமாக இருந்தால் கூட, அடுத்த முறை அந்தச் சொல் கொஞ்சம் தயங்கித்தான் வரும்.

தொழில் போனால் அதன் சொற்களும் போய்விடுகின்றன என்பதுதான் என் பெரிய கவலை. தமிழ்நாட்டில் மனிதனை மனிதன் வைத்து இழுக்கும் கை ரிக்‌ஷா 1973-இல் ஒழிக்கப்பட்டது. ஒழிந்தது நல்லது. ஆனால் அந்த ஸ்டாண்டுகளில் சவாரிக்காகக் காத்திருந்தவர்கள் தங்களுக்குள் புழங்கிய சொற்களில் எத்தனையை நாம் எழுதி வைத்தோம்? அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்தவர்கள், கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள், தறி நெய்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் உட்கார்ந்து, வேலையில் என்னவெல்லாம் பேசிக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தொழில், எந்தச் சமயத்தில் சொல்வது என்பதையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.